இந்தியாவா நேபாளமா என்று அவரைக் கேட்ட நாள்

அன்று கிளப்பில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிடுகிறேன். செயலாளர் ஜோசப். ஜீப் ஓட்டுகிற காளிராஜ். அவன் எங்கே போனாலும் கூடவே போகிற பிரபுவும் அஜித்தும். டீக்கடை மாரியப்பன். ஏலக்காய் ஸ்டோர் சூப்பர்வைசர் வர்கீஸ் சேட்டன். முன்வரிசையில், கைவைத்த நாற்காலியில், எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்காக இருந்த என் தம்பி தவமணி. சுவரோரம் பாயில் நானும் என் சம்பந்தி ராசாத்தியும். தூண் பக்கத்தில் நேபாளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த தில், அவன் மனைவி சரிதா, சரிதாவின் மடியில் பத்து மாதப் பெண் குழந்தை. வாசற்படியை ஒட்டிக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மன்பீர் அண்ணன். இது போக மூன்றாம் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் ஒரு முப்பது பேர்.

மன்பீர் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, இவர்களில் ஏழு பேர் என்னிடம், “நான் அன்னிக்கு அங்க இல்லையே பெரியம்மா” என்றார்கள். அதனால்தான் பெயர்களை முதலில் எழுதினேன். இருந்தார்கள். பாதிப் பேரைப் பற்றி மேற்கொண்டு எழுத ஒன்றுமில்லை. இருந்தார்கள், பார்த்தார்கள், அவ்வளவுதான்.

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் ஜீப் வந்து நின்றது, ஹார்ன் அடிக்கவில்லை. காளிராஜ் ஹார்ன் அடிக்காமல் ஜீப்பை நிறுத்தினால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

“பெரியம்மா, ஆஸ்பத்திரியில இருந்து வர்றேன். கூர்க்கா தாத்தா போயிட்டாரு” என்றான்.

“கூட யாருடா இருந்தா?”

“நான்தான். என் கையப் பிடிச்சுக்கிட்டே போயிட்டாரு.”

அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அந்தக் கை என்ன செய்த கை என்று இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்காகத்தான் எழுதுகிறேன்.

கிளப்பில் அவர் நினைவாக, பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் கால்பந்துப் போட்டி நடத்தப்போகிறார்கள், அதற்கு ஒரு மலரும் போடுகிறார்கள். “ஸ்டோர்ல அவரோட கடைசி வரைக்கும் வேலை பாத்தது நீங்கதான். ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க” என்று ஜோசப் வந்து கேட்டான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். “எழுத்துப் பிழை இருந்தாத் திருத்திக்கோ, விஷயத்தத் திருத்தாத” என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை.

மன்பீர் அண்ணன் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. எர்ணாகுளத்தில் ஏதோ கட்டடத்துக்குக் காவல் இருந்துவிட்டு, ஸ்டோர் வாட்ச்மேனாக இங்கே வந்தார். ஏலக்காய் உலர்ந்து சாக்கில் ஏறிவிட்டால் அதற்குத் தங்கத்துக்கு இருக்கிற காவல் வேண்டும். முகத்தைப் பார்த்தோம். போனில் அவர் பேசிய பாஷையைக் கேட்டோம். கூர்க்கா என்று பெயர் வைத்துவிட்டோம். நேபாளத்துக்காரர் என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டோம். முதல் மாதத்திலேயே ஒரு நாள் என்னிடம், “எங்க ஊரும் மலைதான் அக்கா. எங்கம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுத்தாங்க. நான் லயத்துலதான் பொறந்தேன்” என்றார். நேபாளத்திலும் தேயிலை இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, காய் பிரிக்கிற வேலையைப் பார்த்தேன். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர் என்னை அக்கா என்பார். நான் அவரை அண்ணே என்பேன். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்ற வழக்கு வருஷக்கணக்காகத் தீராமல் கிடந்தது.

தமிழை அவர் ஆபீஸில் வைத்துக் கற்றுக்கொண்டார். அங்கே மேனேஜரிடம் எல்லாரும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார்கள். அதனால் அவருக்கு வேறு மாதிரிப் பேசவே வராது. ஸ்டோருக்குள் நுழைந்த நாயைப் பார்த்து, “வெளிய போங்க. சொன்னாக் கேளுங்க” என்பார்.

ராசாத்தி சிரித்துக்கொண்டே, “அண்ணே, அதுக்கு எதுக்கு மரியாதை? பென்சனா வாங்குது?” என்பாள்.

“மரியாதையாச் சொன்னா ஒரு தடவ சொன்னாப் போதும் அக்கா.”

நாய் என்னவோ மூன்று தடவை சொன்ன பிறகுதான் போகும்.

பந்து என்றால் மட்டும் அவர் வேறு ஆள். ஸ்டோருக்குக் கீழே இருக்கிற கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் நடக்கும். ராத்திரி முழுக்கக் காவல் இருந்துவிட்டு, தூங்காமல் வந்து ரெஃப்ரியாக நிற்பார். காவல் விசில்தான் ரெஃப்ரி விசிலும். காளிராஜெல்லாம் ஆட்டம் பழகியது அந்த விசிலுக்குக் கீழேதான். “பந்தப் பாக்காதீங்க, இடுப்பப் பாருங்க. காலு ஏமாத்தும், இடுப்பு ஏமாத்தாது” என்று தடுத்து ஆடுகிறவர்களுக்குச் சொல்லுவார். ஒரு தடவை மேனேஜரின் மகன் லீவுக்கு வந்தபோது எங்கள் பக்கத்து ஆள் ஒருவனைப் பின்னாலிருந்து தட்டிவிட்டான். அண்ணன் சிவப்பு அட்டையைக் காட்டி வெளியே அனுப்பிவிட்டார். மேனேஜர் கிரவுண்டுக்கே இறங்கி வந்து, “இது யார் எஸ்டேட் தெரியுமா?” என்றார். “உங்களோடது சார். இந்தக் கோட்டுக்குள்ள மட்டும் என்னோடது” என்றார் அண்ணன். அடுத்த மாதம் வேலை இருக்காது என்று நாங்கள் பயந்துபோனோம். மேனேஜரும் நல்ல மனுஷன், ஒன்றும் செய்யவில்லை.

அணைத் தண்ணீருக்காகத் தமிழாட்களுக்கும் மலையாளத்தாட்களுக்கும் தகராறு வந்த வருஷத்தை இங்கே இருக்கிற தமிழாட்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கீழே ரோட்டில் ஜீப்புகளை நிறுத்தி, உள்ளே இருப்பவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பத்திலிருந்து காய் எடுக்க வந்த பெண்கள் திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். அவர்களையும் எங்களையும் சேர்த்துப் பதினாறு பேரை அண்ணன் ஸ்டோருக்குள் விட்டுப் பூட்டினார். ஆபீஸிலிருந்து ஓடிவந்த என் தம்பி தவமணியும் எங்களோடு இருந்தான். உலர்ந்த காய்ச் சாக்குகளுக்குப் பின்னால், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கேட்டுக்கு வந்தவர்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் இல்லை, எங்கிருந்தோ வந்தவர்கள். கையில் கழி, இரண்டு பேர் கையில் வெட்டுக்கத்தி. ஜன்னல் இடுக்கு வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. உள்ளே தமிழர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அண்ணன் ஸ்டூலைக் கேட்டுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தார்.

“இவிடெ பணிக்காரே உள்ளூ” என்றார். இங்கே வேலைக்காரர்கள்தான் இருக்கிறார்கள் என்று மலையாளத்தில் சொன்னார்.

“ஏது நாட்டுக்காரா?”

“எல்லாம் எஸ்டேட்டுக்காரா.”

ஒருவன் ஸ்டூலை எட்டி உதைத்தான். அண்ணன் விழுந்து, எழுந்து, ஸ்டூலைத் தூக்கி நிறுத்தி, மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார். அவன் மறுபடியும் உதைத்தான். அவர் மறுபடியும் உட்கார்ந்தார். அது எவ்வளவு நேரம் நடந்தது என்று எனக்குத் தெரியாது. கம்பத்துப் பெண் ஒருத்தி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்த நகத்தடம் ஒரு வாரம் இருந்தது. கடைசியில் அவர்கள் போனார்கள். அதன் பிறகு வர்கீஸ் சேட்டனும் அவர் மனைவியும் ஒரு அண்டா நிறையக் கப்பைக் கிழங்கு அவித்துக் கொண்டுவந்தார்கள். தங்கள் ஜீப்பில் போர்வையை மூடி, கம்பத்துப் பெண்களை எல்லையில் இருக்கிற மெட்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

தவமணி சாக்குக்குப் பின்னாலிருந்து எழுந்தபோது அவன் வேட்டி நனைந்திருந்தது. இதை நான் இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

இனி அந்த ஆட்டத்துக்கு வருகிறேன்.

தெற்காசிய நாடுகளுக்குள் நடக்கிற கால்பந்துப் போட்டி அது. அக்கம்பக்கத்து நாடுகள் ஒன்றோடொன்று ஆடுவது. உலகக் கோப்பைக்கு அர்ஜென்டினா, பிரேசில் என்று கொடி கட்டுகிற எங்கள் பையன்கள், இந்தப் போட்டிக்கு முதலில் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் இந்தியாவுக்கு முதல் இரண்டு ஆட்டமும் டிரா ஆகிவிட்டது. மூன்றாவது நேபாளத்தோடு. அதிலும் ஜெயிக்காவிட்டால் பைனலைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை என்று ஆனதும் சூடேறிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, ஜங்ஷனில் இருந்த ஹோட்டலில் சமையல் வேலைக்கு வந்திருந்த தில்லிடம், காலையிலேயே காளிராஜ், “டேய் நேபாளம், இன்னிக்கு ராத்திரி அழுவப் போற” என்று சீண்டியிருக்கிறான். தில்லுக்குத் தமிழ் அரைகுறை. சிரித்துவிட்டு, “வர்றேன் அண்ணா, பாக்க வர்றேன்” என்றிருக்கிறான். சொன்னபடி பெண்டாட்டி பிள்ளையோடு வந்துவிட்டான். அவர்கள் குடியிருந்த ரூமில் டிவி இல்லை.

அண்ணனுக்கு அன்று காவல் எட்டரைக்கு மேல்தான். அதனால் அவரும் வந்திருந்தார்.

ஆட்டம் பூராவும் கோல் விழவில்லை. இந்தியா அடித்தது எல்லாம் மேலே போனது, இல்லாவிட்டால் அவர்கள் கோலி பிடித்தான். நேரம் ஆக ஆகப் பையன்கள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை ராசாத்தி காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள். நாலைந்து பேர் குடித்திருந்தார்கள். காளிராஜ் உட்காரவே இல்லை. ஒரு தடவை நேபாளத்து ஆட்டக்காரன் ஒருவன் மூன்று பேருக்கு நடுவில் பந்தைச் செருகி விட்டான். “அடடா, நல்ல பாஸ்” என்றார் அண்ணன். செவன்ஸில் யார் நல்ல பாஸ் கொடுத்தாலும் அவர் அப்படித்தான் சொல்லுவார். அன்றைக்கு நாற்பது தலை திரும்பி அவரைப் பார்த்தது.

மாரியப்பன், “யோவ் கூர்க்கா, உன் நாட்டப் பாத்ததும் ரத்தம் துடிக்குதோ?” என்றான். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும். வெளியே மழை சட்டென்று பிடித்தது. எங்கள் மலையில் மழை பிடித்தால் டிஷ்ஷில் படம் போய்விடும். அன்றைக்கு முழுதாகப் போகவில்லை, அப்படியே உறைந்து நின்றுவிட்டது. எந்த இடத்தில் நின்றது என்றால், நேபாளத்துக்காரன் ஒருவன் நம் கோலுக்கு முன்னால் காலைத் தூக்கியிருக்கிறான். கோலி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டான். மறுபக்கம் வெறும் வலை. அந்தப் படத்தை நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜோசப் ரிமோட்டை அழுத்தி அழுத்திப் பார்த்தான். அஜித் செல்போனில் பார்த்தான், மழைக்கு அதிலும் டவர் இல்லை.

அந்த நேரத்தில் தில்லின் போன் அடித்தது. அவன் போனில் மட்டும் டவர் இருந்திருக்கிறது. எடுத்து, தன் பாஷையில் நாலு வார்த்தை பேசி, சிரித்தான்.

“என்னடா சிரிக்கிற?” என்றான் காளிராஜ். “கோலா?”

தில்லுக்குப் புரியவில்லை. மறுபடியும் சிரித்தான். பயந்தால் சிரிக்கிற ஆட்கள் உண்டு. அவன் அப்படி.

“கோல் போட்டுட்டானுங்கடா! ஊருல இருந்து போன் போட்டுச் சொல்றானுங்க, இவன் நம்ம முன்னாலயே சிரிக்கிறான்!” என்று பிரபு கத்தினான். காளிராஜ் போனைப் பிடுங்கினான். தில் திரும்பப் பிடுங்கப் போனான். சட்டை கிழிந்தது. யாரோ கதவைச் சாத்தினார்கள். யார் சாத்தியது என்று மட்டும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தப் பெயரையும் எழுதியிருப்பேன்.

சரிதா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனாள். நான் எழுந்து, “டேய், பச்சப்புள்ள இருக்குடா, ஒக்காருங்கடா!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அண்ணன் நடுவில் வந்து நின்றார். தில்லைத் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். விசிலை எடுத்து ஊதினார்.

அந்த ஒரு நொடி எல்லாரும் நின்றார்கள். பல வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த விசிலுக்கு நின்ற கால்கள் அவை. காளிராஜும் நின்றான். நின்றுவிட்டோமே என்பதே அவனுக்கு ஆத்திரம் ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

“நீ யாருக்கு ரெஃப்ரி? சொல்லு. இருபத்துமூணு வருசமா இந்த மண்ணுல சோறு திங்கிற. இந்தியாவா நேபாளமா? இப்பச் சொல்லு. ஒத்த வார்த்தையில சொல்லு.”

“சொல்லச் சொல்லுடா!” என்று பின்னாலிருந்து குரல்கள்.

அப்போது அண்ணன் ஒரே ஒரு தடவை முன்வரிசை நாற்காலியைப் பார்த்தார். அங்கே தவமணி உட்கார்ந்திருந்தான். தவமணி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிவியில் ஒன்றும் ஓடவில்லை.

“இந்தியான்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் தள்ளிப் போய்யா” என்று மாரியப்பன் கூட ஒரு மாதிரி இறங்கிவந்தான். “சொன்னா விட்ருவானுங்க.”

அண்ணன் கையை விரித்துத் தூணை மறைத்துக்கொண்டு நின்றார். “கதவத் திறங்க. இவங்க மூணு பேரும் வெளிய போகட்டும். அப்புறம் கேளுங்க” என்றார். அப்போதும் ‘ங்க’ போட்டுத்தான் சொன்னார்.

காளிராஜ் அங்கே கிடந்த ஒரு ஸ்டூலைத் தூக்கி அடித்தான். இடது காதில் விழுந்தது.

அவர் விழுந்த சத்தமும் டிவியில் சத்தம் திரும்ப வந்ததும் ஒரே சமயம். படம் வந்துவிட்டது. இந்தியா ஒன்று, நேபாளம் பூஜ்யம் என்று மூலையில் போட்டிருந்தது. உறைந்து நின்ற அந்த நேபாளத்துக்காரன் வெளியே அடித்துவிட்டிருக்கிறான். நாங்கள் பார்க்காத நேரத்தில் இந்தியா கோல் போட்டிருக்கிறது. கூரை பறக்கிற மாதிரி கத்தினார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஆடினார்கள். நானும் ராசாத்தியும் சரிதாவையும் குழந்தையையும் அந்த ஆட்டத்துக்கு நடுவிலேயே தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். தில் பின்னால் வந்தான். வர்கீஸ் சேட்டன் அண்ணனைத் தோளில் சாய்த்து ஜீப்பில் ஏற்றினார். அண்ணனின் காதிலிருந்து ரத்தம் காலர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பட்டாசு வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தில்லும் சரிதாவும் மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். எங்கே போனார்கள் என்று தெரியாது. அந்தப் போன் யாரிடமிருந்து வந்தது என்று அண்ணன்தான் பிறகு சொன்னார். தில்லின் அம்மா பேசியிருக்கிறாள். குழந்தை சாப்பிட்டதா என்று கேட்டிருக்கிறாள்.

அண்ணனுக்கு இடது காது போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் விசில் ஊதவில்லை. கட்டு அவிழ்த்த அன்று நான் அவரிடம் சண்டை போட்டேன். “ஏண்ணே, வாய்க்கு ஒரு பொய் சொன்னா என்ன? இந்தியான்னு சொல்லித் தொலைச்சிருந்தா இந்தக் காது போயிருக்குமா?”

வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார். பிறகு, “சொன்னா எனக்கு வழி விடுவாங்க அக்கா. சரிதாவுக்கு?” என்றார்.

பொய் சொல்ல மனசில்லாதவர் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

காளிராஜ் ஆறு மாதம் கழித்து வந்தான். அதற்குள் அவன் குடியை விட்டிருந்தான். அண்ணன் ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தார். இவன் காலில் விழுந்தான். அண்ணன் சட்டைப் பையைத் தடவி, ஒரு மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார். “சிவப்பு இல்ல, மஞ்சள்தான். இன்னொரு தடவ செஞ்சா வெளிய போவீங்க” என்றார். அவன் அழுதான். நான் உள்ளே காய் பிரித்துக்கொண்டிருந்தேன், எழுந்து வரவில்லை. மூன்று வருஷம் அவனோடு பேசவில்லை. அந்த மூன்று வருஷமும் அவன்தான் அண்ணனை மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் கூட்டிக்கொண்டு போய்வந்தான். கடைசியில் குழியையும் அவன்தான் வெட்டினான். வேறு யாரையும் மண்வெட்டியைத் தொடவிடவில்லை.

அடக்கத்தன்று ஒரு காரியம் நடந்தது. பஞ்சாயத்துக்குக் கொடுக்கக் காகிதம் வேண்டும் என்றார்கள். தவமணி ஆபீஸிலிருந்து ஒரு பழைய பைலை எடுத்துக்கொண்டு வந்தான். குழிக்குப் பக்கத்தில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி படித்தான். பெயர், மன்பீர் ராய். பிறந்தது டார்ஜிலிங் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அந்தத் தோட்டத்துத் தொழிலாளிகள். தவமணி காகிதத்தை மடித்துக்கொண்டு, “நம்ம எல்லாரும் நினைச்ச மாதிரி இல்ல. இவரு நேபாளி இல்ல. சுத்தமான இந்தியாக்காரரு” என்றான்.

அந்தக் காகிதத்தின்படி அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர். நான் ஒருத்திதான் அதைக் கவனித்திருப்பேன்.

கூட்டத்தில், “ஐயையோ, நம்மாளா!” என்று சத்தம் எழுந்தது. மாரியப்பன் தலையில் அடித்துக்கொண்டான். “தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா...” என்றான்.

“தெரிஞ்சிருந்தா?” என்று கேட்டேன்.

அவன் முடிக்காததை நானே முடிக்கிறேன். தெரிந்திருந்தால் அவரை விட்டுவிட்டு, தில்லை மட்டும் அடித்திருப்பார்கள். அவருக்கு அது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அவர் சொல்லாமல் விட்டது பொய்யை இல்லை, உண்மையை. நான் எப்பேர்ப்பட்ட மடச்சி என்று எனக்கு அந்தக் குழி ஓரத்தில்தான் தெரிந்தது. கட்டப்பனைக்குப் போனால் நான் பேசுகிற தமிழைக் கேட்டு, “தமிழ்நாட்டில் எவிடெயா?” என்று கேட்கிறார்கள். என் பிறப்பும் ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கே. அப்படிக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வரும். அதே காரியத்தை இருபத்தாறு வருஷம் நான் அவருக்குச் செய்திருக்கிறேன்.

அன்று மத்தியானமே தவமணி வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அவரு வேலைக்குச் சேந்தப்ப ஃபாரம் எழுதினதே நான்தானேக்கா.”

“அன்னிக்கு அவரு உன்னப் பாத்தாரு.”

தவமணி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “அவரே சொல்லலையேக்கா. அவரே வாயத் தெறக்காதப்ப, நான் எதுக்கு நடுவுல? நாப்பது பேரு குடிச்சிட்டு நிக்கிறானுங்க.”

“கேட்டுல பதினஞ்சு பேரு வெட்டுக்கத்தியோட நின்னானுங்க. நீ வாயத் தெறந்தியா? சாக்குக்குப் பின்னால இருந்த. உனக்கும் சேத்து அவருதான் வாயத் தெறந்தாரு.”

“அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்ற? அதான் எல்லார் முன்னாலயும் இந்தியாக்காரர்னு படிச்சிட்டேனே. கல்லுலயும் இந்தியக் குடிமகன்னு போடச் சொல்லியிருக்கேன்.”

அவன் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்காமல் வந்துவிட்டேன். கல்லில் அப்படி எதுவும் போட நான் விடவில்லை. மன்பீர் ராய் என்று பெயர் மட்டும் இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

அன்று தவமணி உண்மையைச் சொல்லியிருந்தால் அண்ணன் காது தப்பியிருக்கும், தில்லின் தலை உடைந்திருக்கும், அதனால் அவன் பேசாமல் இருந்ததே நல்லது என்று நியாயம் சொல்ல ஆட்கள் வருவார்கள், எனக்குத் தெரியும். அவர் இந்தியாக்காரர் என்ற அந்த ஒரு சொல்லை அவன் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவன் எழுந்து நின்றிருக்கலாம். ஆபீஸ்காரன் நாற்காலியை விட்டு எழுந்து, “கதவத் திறங்கடா” என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அண்ணன் அவனைப் பார்த்தது அதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ரேஷன் கடையில் எனக்கு முன்னால் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி, குழந்தையோடு வெகுநேரமாக நின்றாள். சரக்கு குறைவாக இருந்தது. கடைக்காரர் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, “பெரியம்மா, நீங்க முன்னால வாங்க. நம்ம ஆளுக வாங்கிக்கிட்டாப் போதும்” என்றார். முன்பு என்றால் போயிருப்பேன். சந்தோஷமாகவே போயிருப்பேன். அன்றைக்குக் கால் நகரவில்லை. “எனக்கு வழி விடுறீங்க. இவளுக்கு?” என்று கேட்டேன். கடைக்காரர் என்னை முறைத்தார். அவள் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் நான் வாங்கினேன். இதை அண்ணன் எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இது எனக்கு வேண்டாத தொல்லைதான், ஆனாலும் வைத்திருக்கிறேன்.

காளிராஜை மன்னித்துவிட்டேன். அடித்தவன் அவன், அடித்ததைச் சுமந்தவனும் அவன். மாரியப்பனையும் மன்னித்துவிட்டேன். அவனுக்கு வாய் ஒன்றுதான் பெரிது. கதவைச் சாத்தியவன் யாரென்று தெரியாததால் அவனையும் விட்டுவிட்டேன். மூன்றாம் வகுப்பில் நான் பள்ளிக்கூடத்தை விட்டது, கைக்குழந்தையாக இருந்த ஒருவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள. அவன் படித்தான், காகிதங்களைக் காக்கிற வேலைக்கு வந்தான், உண்மை எழுதியிருந்த காகிதத்தை இருபத்தாறு வருஷம் பெட்டியில் வைத்திருந்தான். நாங்கள் எல்லாரும் தெரியாமல் இருந்தோம், அவன் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். தவமணியை நான் மன்னிக்கமாட்டேன்.